திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக்கு மட்டும் ஏன் வேற தேதி? சோழிக் கணக்கு படிக்க புதுச்சேரியில் உட்கார்ந்த பிரெஞ்சு விஞ்ஞானியின் கதை

2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று வாட்ஸ்அப் முழுக்க செய்தி பறந்தது. திருநள்ளாறு கோயில் தரப்பு உடனே விளக்கம் கொடுத்தது. இங்கே பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி பெயர்ச்சி 2026-இல்தான் என்றது. 2023-லயும் இதே கதைதான். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி அந்தப் பெயர்ச்சி ஜனவரி 17. திருநள்ளாற்றில் விழா நடந்ததோ டிசம்பர் 20.

வானத்துல இருக்கறது ஒரே ஒரு சனிக்கோள். தேதி மட்டும் ஏன் 11 மாதம் தள்ளிப் போகுது?

திருக்கணிதம், வானத்தை அளந்து அவ்வப்போது திருத்திய எண்களை வைத்துப் போடும் கணக்கு. வாக்கியம், பல நூற்றாண்டுகளாக மனப்பாடமாக வந்த எண்களை வைத்துப் போடும் கணக்கு. ஒரு எண்ணை மனப்பாடமாகச் சொல்வதற்கும், அதன் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு இலக்கமும் என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வதற்கும் உள்ள தூரம்தான் இந்த 11 மாதம். இந்த இரண்டையும் ஒரே ஊரில், ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்த ஒரு மனிதர் 250 ஆண்டுகளுக்கு முன் இருந்தார். பெயர் கியோம் லெ ஜென்டில். உலகத்திலேயே அதிர்ஷ்டம் கெட்ட வானியலாளர் என்று பெயர் எடுத்தவர்.

பாதிரியார் ஆகப் போனவர்

1725 செப்டம்பர் 12, பிரான்ஸின் நார்மண்டி பகுதியில் குத்தான்ஸ் என்ற ஊரில் பிறந்தார். பாதிரியார் படிப்புக்காகப் பாரிஸ் போனவர், வானியல் பேராசிரியர் டெலீலின் வகுப்பை எட்டிப் பார்த்தார். அதோடு பாதை மாறிவிட்டது. பாரிஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். 1749-இல் ஆண்ட்ரோமெடா மண்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய விண்மீன் மண்டலத்தைக் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் எம்32. 1753-இல் அறிவியல் அகாதெமியில் இடம் கிடைத்தது. அதுவரை வாழ்க்கை நேர்கோடு.

அப்போது ஐரோப்பா முழுக்க ஒரே பேச்சு, 1761-இல் வரப்போகும் வெள்ளி இடைநகர்வு. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே வெள்ளிக் கோள் வந்து, சூரியன் மேல் ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து போகும் நிகழ்வு அது. 8 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும், பிறகு 100 ஆண்டுக்கு மேல் வராது. இதைப் பூமியின் வெவ்வேறு மூலைகளில் இருந்து விநாடி சுத்தமாக அளந்தால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716-லேயே வழி சொல்லி வைத்திருந்தார்.

புள்ளிக்கு அடுத்த ஓர் இலக்கம் = 17 லட்சம் கிலோமீட்டர்

இதுக்குப் போய் உயிரைப் பணயம் வைத்துக் கடல் தாண்டணுமா என்று தோன்றலாம். கணக்கைப் பார்த்தால் புரியும்.

சூரியனில் நின்று பூமியைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பூமியின் ஆரம் எவ்வளவு சின்னக் கோணமாகத் தெரியும்? 1 பாகையை 3,600 கூறு போட்டால், அதில் சுமார் 8.8 கூறு. அவ்வளவுதான். இந்த 8.8 தெரிந்தால் தூரம் கிடைத்துவிடும், ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர். ஆனால் 8.8-க்குப் பதில் 8.7 என்று அளந்துவிட்டால்? தூரம் 17 லட்சம் கிலோமீட்டர் கூடிவிடும். பூமியில் இருந்து நிலா இருக்கும் தூரத்தைப் போல நாலு மடங்குக்கும் மேல்!

பள்ளிக்கூடத்தில் 3.14 என்று எழுதிவிட்டு மீதியை விட்டுவிடுகிறோம். தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவது சின்ன விஷயம் என்ற எண்ணம் அங்கேதான் உருவாகிறது. அது சின்னதா பெரியதா என்பது, அதை எதனால் பெருக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. லெ ஜென்டில் கப்பல் ஏறியது, அந்த ஓர் இலக்கத்துக்காக.

முதல் தவறல்: கடல் நடுவே

1760 மார்ச் 26-இல் பிரான்ஸை விட்டுக் கிளம்பினார். குறி புதுச்சேரி. அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் ஏழாண்டுப் போர். ஜூலையில் இன்றைய மொரீஷியஸ் தீவை அடைந்தபோதே செய்தி சரியில்லை. திருநள்ளாறு அடங்கிய காரைக்கால் பகுதி 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அதை 1760-லேயே ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். புதுச்சேரி முற்றுகையில்.

1761 மார்ச்சில் எப்படியோ ஒரு கப்பல் கிடைத்து ஏறினார். மலபார் கரையோரம், மாஹே பக்கம் வந்தபோதுதான் தெரிந்தது, ஜனவரியிலேயே புதுச்சேரி விழுந்துவிட்டது என்று. கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது லெ ஜென்டில் நடுக்கடலில் ஆடும் கப்பல் மேல்தளத்தில் நின்றார். பார்த்தார், நேரத்தையும் குறித்தார். ஆனால் கப்பல் எந்தத் தீர்க்க ரேகையில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியாது, கடிகாரத்தையும் நம்ப முடியாது. குறித்த எண்கள் எதற்கும் உதவவில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஊர் திரும்பியிருப்பார்கள். இவர் அடுத்த இடைநகர்வுக்கு, அதாவது 1769 வரை, இந்தப் பக்கமே இருந்துவிடுவது என்று முடிவெடுத்தார். மடகாஸ்கர் கரைகளை ஆராய்ந்தார். 1766-இல் மணிலா போனார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநருக்கு இவர் மேல் சந்தேகம். அதற்குள் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. அங்கேயே போகும்படி பாரிஸ் அகாதெமியும் சொன்னது. 1768 மார்ச் 27 அன்று ஒருவழியாகப் புதுச்சேரியில் கால் வைத்தார். ஊர் இடிபாடாகக் கிடந்தது. இடிந்த கோட்டைக்குள்ளேயே ஆளுநர் லா டி லோரிஸ்தோன் அவருக்கு ஒரு வானாய்வகம் கட்டிக் கொடுத்தார். எட்டு வருடம் முன்பு எதிரியாக இருந்த மதராஸ் ஆங்கிலேயர்கள் ஒரு நல்ல தொலைநோக்கியை இரவலாக அனுப்பினார்கள்.

இடைநகர்வுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அந்தக் காத்திருப்பில்தான் அவர் தமிழர்களின் கணக்கைப் பார்த்தார்.

தரையில் சோழி, வாயில் வாக்கியம்

கிரகணம் எப்போது வரும் என்று உள்ளூர் கணக்கர்கள் சொல்வதை அவர் கவனித்தார். பேப்பர் இல்லை, பேனா இல்லை. தரையில் உட்கார்ந்து சோழிகளை இடம் பார்த்து வைக்கிறார்கள். கூட்டுகிறார்கள், கழிக்கிறார்கள், அடுத்த படிக்குப் போகும்போது பழைய சோழியை எடுத்துவிடுகிறார்கள். அட்டவணை எதையும் புரட்டுவதில்லை. வாய் ஏதோ முணுமுணுக்க, கை வேகமாகப் போகிறது. ஐரோப்பாவில் கிரகணம் கணிக்கத் தடிமனான அட்டவணைப் புத்தகங்கள் தேவைப்பட்ட காலம் அது. லெ ஜென்டில் ஆளைப் பிடித்துப் பாடம் கேட்க உட்கார்ந்தார்.

அந்த முணுமுணுப்புதான் வாக்கியம். எண்ணைச் சொல்லாக மாற்றி மனதில் வைக்கும் முறை, கடபயாதி என்று பெயர். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது பழக்கம். மாயாமாளவகௌளை எத்தனையாவது மேளம்? மா என்றால் 5, யா என்றால் 1. அதை வலமிருந்து இடமாகப் படித்தால் 15. முதல் எழுத்து ஒன்றாம் தானம், அடுத்தது பத்தாம் தானம். இடமதிப்பு தெரியாதவருக்கு இந்த முறையே புரியாது.

லெ ஜென்டில் கற்றுக் குறித்துக்கொண்ட சொற்களில் ஒன்று தேவரம். திருநள்ளாற்றில் பாடப்படும் தேவாரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. தே 8, வ 4, ர 2, திருப்பிப் போட்டால் 248. இன்னொன்று கலானிலம். அது 3031.

என்ன எண்கள் இவை? நிலா பூமிக்கு மிக அருகில் வரும் புள்ளியில் இருந்து கிளம்பி மறுபடி அதே மாதிரிப் புள்ளிக்கு வர சுமார் இருபத்தேழரை நாள் ஆகும். அப்படி 9 சுற்றுக்கு 248 நாள். 110 சுற்றுக்கு 3031 நாள். வகுத்துப் பார்க்கலாம். 248-ஐ 9-ஆல் வகுத்தால் 27.5556. இன்றைய அளவீடு 27.55455. முதல் இரண்டு தசமம் சரி, மூன்றாவதில் தடுக்குகிறது. ஒரு சுற்றுக்கு 87 விநாடி பிழை. 3031-ஐ 110-ஆல் வகுத்தால்? 27.55455. ஐந்து தசமம் வரை அப்படியே பொருந்துகிறது. பிழை ஒரு சுற்றுக்கு அரை விநாடிகூட இல்லை.

பை-க்கு 22/7 போட்டால் இரண்டு தசமம் சரியாக வரும், 355/113 போட்டால் ஆறு தசமம் சரியாக வரும். அதே உறவுதான் இங்கேயும். சின்னப் பின்னம் கைக்கு எளிது, பெரிய பின்னம் நாள்பட நிற்கும். இதை முதலில் அமைத்தவர்களுக்கு எந்த எண் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் 248-ஓடு நிற்காமல் 3031, 12372 என்று மேலே மேலே அடுக்கி வைத்தார்கள்.

ஆனால் லெ ஜென்டில் பார்த்த கணக்கர்களிடம் இருந்தது விடை மட்டும். ஏன் 248 என்று கேட்டால் பதில் வரவில்லை. குருவிடம் இருந்து வந்தது, சொன்னால் வேலை செய்கிறது, அவ்வளவு போதும் என்ற நிலை. அவருக்கு இது வியப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அவர் எழுத்தில் இரண்டும் தெரிகிறது. அந்த எரிச்சலில் கொஞ்சம் ஐரோப்பியத் திமிரும் கலந்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

41 விநாடி... 52 நிமிடம்

சோழிக் கணக்கு எவ்வளவு சரி? 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை அவர் சோதித்துப் பார்த்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கின் பிழை 41 விநாடி. அந்தக் காலத்து ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தொபியாஸ் மேயருடையதில் பிழை 68 விநாடி. சோழி ஜெயித்துவிட்டது!

இந்த 41 விநாடிக் கதை சமூக வலைத்தளங்களில் அடிக்கடி வலம் வரும். அதோடு சேர்ந்து வராத கதை ஒன்று உண்டு. 1825-இல் ஜான் வாரன் என்பவர் மதராஸில் காலசங்கலிதம் என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணக்கர் இதே முறையில், நினைவில் இருந்து மட்டுமே, அந்த ஆண்டு மே 31 - ஜூன் 1 கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். ஒரு கிரகணம் அச்சாகப் பொருந்தியதை வைத்து முறை முழுவதையும் எடை போட முடியாது. ஏட்டைப் பார்க்காமல் ஒரு மணி நேரப் பிழைக்குள் கிரகணத்தைச் சொல்வதும் லேசுப்பட்ட காரியம் இல்லை.

மூன்றாவது தசமம் செய்யும் வேலை

லெ ஜென்டில் குறித்து வைத்த இன்னோர் எண், தமிழ் ஆண்டின் நீளம். 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. நாளை 60-ஆகப் பிரித்து நாழிகை, அதை 60-ஆகப் பிரித்து விநாழிகை, அதையும் 60-ஆகப் பிரித்துத் தற்பரை. நாம் பத்துப் பத்தாகப் பிரிப்பதை அவர்கள் அறுபது அறுபதாகப் பிரித்தார்கள். இடமதிப்பு என்ற யோசனை ஒன்றுதான்.

இதைத் தசமத்தில் எழுதினால் 365.2587 நாள். நட்சத்திரங்களை வைத்துப் பார்க்கும் ஆண்டின் இன்றைய அளவு 365.2564. இங்கேயும் இரண்டு தசமம் ஒன்றாக இருக்கிறது, மூன்றாவது மாறுகிறது. ஆண்டுக்கு வித்தியாசம் 3 நிமிடம் 20 விநாடி. ஒரு ஆயுளில் யாருக்கும் தெரியாது. ஆனால் 1,000 ஆண்டில் அது 2 நாளைத் தாண்டிவிடும்.

சனிக்கும் இதே கதைதான். வாக்கிய முறையைத் தொகுத்த வாக்கியகரணம் என்ற நூல் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் கணக்கில் சின்னச் சின்ன பிழைகள் வருடா வருடம் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. இன்று வாக்கியம் சொல்லும் சனி, வானத்தில் இருக்கும் சனியைவிடச் சில பாகை பின்னால் நிற்கிறது. வேகமாக ஓடும் நிலாவுக்குச் சில பாகை என்றால் அரை நாள் விஷயம். சனியோ ஒரு முழுச் சுற்றுக்கு இருபத்தொன்பதரை வருடம் எடுப்பவர். மாதத்துக்குச் சராசரியாக 1 பாகைதான் நகர்வார். நடுவில் வக்ரத்தில் பின்னால் வேறு போய்வருவார். அதனால் சில பாகை பின்னடைவு, காலண்டரில் 11 மாதமாகத் தெரிகிறது. திருநள்ளாறு வழிபாட்டு மரபுப்படி வாக்கியத்தையே வைத்திருக்கிறது. தொலைநோக்கியில் சனியைத் தேட விரும்புபவர்களுக்குத் திருக்கணிதம்.

இந்தச் சண்டையும் புதுசு இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்க எண்களை வானத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும் என்று வாதாடித் திருத்திய பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். 1874-இல் மறுபடி வெள்ளி இடைநகர்வு வந்தபோது, அதை மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் சிறுநூல் போட்டவரும் இவரேதான்.

1769 ஜூன் 4, விடியற்காலை

லெ ஜென்டிலுக்கு வருவோம். 1769 மே மாதம் முழுக்கப் புதுச்சேரியில் காலை வானம் பளிச்சென்று இருந்தது. ஜூன் 3 இரவு ஆளுநரோடு சேர்ந்து தொலைநோக்கியில் வியாழனின் நிலாக்களைப் பார்த்தார். எல்லாம் தயார். நடு இரவுக்குப் பிறகு எழுந்து பார்த்தால் மேகம். விடியும் நேரத்தில் காற்று கிளம்பியது, மேகம் இன்னும் தடித்தது. சூரியன் உதித்தது, வெள்ளி அதைக் கடந்து முடித்தது. இவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் முடிந்த கொஞ்ச நேரத்தில் மேகம் கலைந்து, அன்று பகல் முழுக்க வெயில் அடித்தது.

அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவில் அன்று வானம் சுத்தமாக இருந்தது.

இரண்டு வாரத்துக்கும் மேல் அவரால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. பிறகு வயிற்றுப்போக்கு வந்து படுத்தார். 1770 மார்ச்சில் கிளம்பினார். வழியில் புயலில் கப்பல் சேதமாகி மொரீஷியஸுக்கே திரும்பி, ஒரு ஸ்பானியக் கப்பலில் இடம் பிடித்து, 1771 அக்டோபரில் பிரான்ஸ் எல்லையைத் தொட்டார். புறப்பட்டு 11 வருடம் 6 மாதம் 13 நாள். ஊருக்குப் போனால் அங்கே அவர் செத்துப்போய்விட்டார்! எழுதிய கடிதங்கள் ஊர் போய்ச் சேரவில்லை. உறவினர்கள் சொத்தைப் பங்கு போடும் ஏற்பாட்டில் இருந்தார்கள். அகாதெமியில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. வழக்கு நடத்தினார், செலவுதான் மிச்சம். அரசர் தலையிட்ட பிறகு அகாதெமியில் மறுபடி இடம் கிடைத்தது.

மற்ற இடங்களில் 1761-லும் 1769-லும் கிடைத்த அளவுகளை வைத்து லலாந்து என்ற வானியலாளர் சூரியனின் தூரம் சுமார் 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் என்று 1771-இல் கணக்கிட்டார். உண்மை 14 கோடியே 96 லட்சம். புதுச்சேரி எண் அந்தக் கணக்கில் இல்லை.

ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. சோழிக் கணக்கு முழுவதையும் படிப்படியாகப் பிரெஞ்சில் எழுதி அகாதெமிக்குக் கொடுத்தார். 1779-லும் 1781-லும் இரண்டு பெரிய தொகுதிகளாகப் பயண நூலை வெளியிட்டார். ஐரோப்பாவில் இந்திய வானியல் பற்றி அதன் பிறகு நடந்த பெரிய விவாதத்துக்கு இது ஒரு முக்கிய ஆதாரமாக இருந்தது. பெய்லி என்ற வானியலாளர் 1787-இல் இந்திய வானியலுக்காகவே ஒரு தனி நூல் எழுதினார். இந்த எண்கள் ஐயாயிரம் வருடப் பழசு என்றார் அவர். லாப்லாஸ் அதை ஏற்கவில்லை.

லெ ஜென்டில் கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தாள், பாரிஸ் வானாய்வகத்திலேயே குடியிருந்தார். 1792 அக்டோபர் 22-இல் இறந்தார். வெள்ளி இடைநகர்வு அதன் பிறகு 1874, 1882, 2004, 2012 ஆகிய ஆண்டுகளில் வந்தது. அடுத்தது 2117 டிசம்பரில்.